மூன்று தட்டு

பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இடது முன் சக்கரம் விடவில்லை.

இளவழகன் கேபினில் உட்கார்ந்தபடி மீண்டும் பிரேக்கை மிதித்தான், மீண்டும் காலை எடுத்தான். வலது பக்கம் காற்று சீறி வெளியேறியது, இடது பக்கமும் அதேபோலச் சீறியது, என்ஜின் உறுமலுக்கு அடியில் இரண்டு சீறலும் தனித்தனியாகக் கேட்டன; ஆடிக் காற்று ஷெட்டின் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது, கோழிப்பண்ணைகளின் காரமான நாற்றமும் அதற்கு அப்பால் ஜவ்வரிசி மில்லின் புளித்த வாடையும் மாறி மாறி வந்துபோயின, அவற்றுக்கு நடுவே சூடேறிய பிரேக் லைனரின் கருகல் மட்டும் போகாமல் கேபினுக்குள்ளேயே நின்றது. காற்று வெளியேறிவிட்டால் சக்கரம் விட வேண்டும். அதைப் பிடித்து வைக்க உள்ளே வேறு எதுவும் இல்லை.

ஜாக்கியில் தூக்கி நிறுத்திய சக்கரத்துக்குப் பக்கத்தில், வண்டிக்கு அடியில், அவன் மாமனார் வெள்ளியங்கிரி படுத்திருந்தார்.

"விடலைங்க மாப்ள."

"காத்துப் போயிருச்சுங்க மாமா."

"காத்துப் போயிருச்சு. இது மட்டும் புடிச்சுக்கிட்டு நிக்குது. யாரோ கையில புடிச்சாப்பல."

எரிச்சலோடு கையிலிருந்த ஸ்பானரால் ஆக்சிலை இரண்டு முறை தட்டினார். இளவழகனின் காலடித் தகட்டில் ஒரு சின்ன அதிர்வு. சக்கரம் விட்டது.

"இதும் உங்க அத்தையாட்டந்தான்," என்றார் கீழிருந்து. "ரெண்டு தடவ சொன்னாத்தான் காதுல உழுகுது."

இளவழகன் சிரிக்கவில்லை. அந்த ஷெட்டில் இரண்டு தட்டு என்றால் ‘விடு’ என்று அர்த்தம்.

பிரேக் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் கேபினில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். காற்று ஏறுவதற்காக என்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதால் எல்லா நேரமும் குரல் எட்டாது. அதனால் சுற்றுவட்டார ஷெட்களில் இருப்பதைப் போல இங்கேயும் தட்டுக் கணக்கு இருந்தது. ஒரு தட்டு, மிதி. இரண்டு தட்டு, விடு. மூன்று தட்டு, நான் வெளியே வந்துவிட்டேன், வண்டியை எடு. மூன்று கேட்டதும் கேபினில் இருப்பவர் முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, வண்டியை ஷெட் வாசல்வரை உருட்டி மிதித்துப் பார்ப்பார். அதற்கு முன் இடது கண்ணாடியில் ஆளைப் பார்த்தாக வேண்டும். தட்டும் கேக்கோணும், ஆளும் தெரியோணும் என்று வேலைக்கு வரும் எல்லாரிடமும் வெள்ளியங்கிரி சொல்வார்.

மனிதர்கள் வைத்துக்கொண்ட கணக்கு அது. இரும்புக்குத் தெரிய நியாயமில்லை.

லாரி இளவழகனுடையது. சம்பளத்துக்கு ஓட்டிய டிரைவர் சங்ககிரி பக்கம் சாலையின் நடுத்தடுப்பில் ஏற்றி முன் ஆக்சிலை வளைத்துவிட்டிருந்தான். அதற்கு அடுத்த வாரம் அவன் மனைவி மைதிலி இறந்தாள். கார்த்திகை மாதம், ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும்போது, பின்னாலிருந்து ஒரு லாரி. அது நிற்கவில்லை. எந்த லாரி என்று கடைசிவரை தெரியவில்லை. வளைந்த ஆக்சிலோடு இவன் வண்டி ஷெட்டிலேயே நின்றது. டயர்களுக்கு இடையில் கோழிகள் முட்டையிட்டன. இனி வண்டியைத் தானே ஓட்டப்போவதாக இளவழகன் சொன்னபோது மாமனார் காரணம் கேட்கவில்லை. பிரேக் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்றான் அவன். இன்னொரு வீட்டுப் பெண் நம் வண்டிக்கு முன்னால் வந்தால் அது நிற்க வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மைதிலி அவருக்கு ஒரே மகள்.

ஆக்சிலை வாங்கப் போனது இளவழகன் மட்டும். சேலத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் மோகன்குமாரின் கிடங்கு. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முன் ஆக்சில் வாங்குகிறவன் அதைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும்: ‘இது ஆள் மேல ஏறுனதுங்களா?’ கேட்டால் விற்கிறவன் பொய் சொல்ல மாட்டான். ஆமாம் என்றால் சிலர் எடுக்காமல் திரும்புவார்கள். சிலர் அதன் மேல் ஒரு சேவலை அறுத்துவிட்டு எடுத்துப்போவார்கள். கேட்காதவனுக்கு யாரும் தானாகச் சொல்வதில்லை.

இளவழகன் கேட்கவில்லை. வாய்வரை வந்தது. அந்த ஒரு வரியைச் சொன்னால் சாலையும் ஸ்கூட்டியும் கூடவே வரும். ‘ஏத்துங்க’ என்று மட்டும் சொன்னான். மோகன்குமார் அவன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தான். பிறகு ஆட்களைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னான்.

மத்தியானத்துக்குள் இடது பக்கத்தில் மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றிவிட்டார்கள். முதலில் காற்று ஹோஸ். உள்ளே பிய்ந்த ரப்பர் காற்றைத் திரும்ப விடாமல் அடைப்பதுண்டு. பழைய ஹோஸை வெள்ளியங்கிரி நெடுக வெட்டிப் பார்த்தார், உள்ளே ஒரு கீறல் இல்லை. பிறகு பிரேக் ஷூக்களை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். பிறகு தண்டு சுழலும் புஷ். கடைசியாக இடது பக்கத்துச் சாமான்களை வலது பக்கத்துக்கும் வலது பக்கத்தவற்றை இடது பக்கத்துக்கும் மாற்றி மாட்டினார். வலது சக்கரம் மிதித்தால் பிடித்தது, எடுத்தால் விட்டது. இடது சக்கரம் பிடித்தது. விடவில்லை.

கோளாறு சாமான்களில் இல்லை. அந்த இடத்தில் இருந்தது.

வெள்ளியங்கிரி சாக்கை விட்டு எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சோறு உண்டுட்டு வாரேன். நீங்களும் வாங்க."

"பசிக்கலைங்க மாமா."

"உங்க அத்த என்னையத்தான் வைவா. மாப்ளைய உட்டுப்போட்டு நீ மட்டும் வந்து உக்காந்துட்டியாக்கும்னு. கேரியர்ல கொண்டாரேன்."

அவர் செருப்புச் சத்தம் சோளக்காட்டு வரப்பில் தேய்ந்து மறைந்த பிறகும் இளவழகன் கேபினை விட்டு இறங்கவில்லை. என்ஜினை அணைக்கவும் இல்லை. தகரத்தின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாக இறங்கி எண்ணெய் ஊறிய மண்தரையில் நடுங்கியது, கண்ணாடியில் ஒட்டிய பழைய தூசு அதிர்வில் மெல்ல மெல்ல உதிர்ந்தது, எங்கோ ஒரு பண்ணையில் ஆயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்தின. ஒருமுறை மிதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மிதித்தான். எடுத்தான். வலது பக்கத்து அதிர்வு வந்தது. இடது பக்கத்து அதிர்வு வரவில்லை.

அவன் காத்திருந்தான்.

டங். டங்.

கீழிருந்து. இரும்பின் மேல் இரும்பு. ஸ்டியரிங் தண்டு வழியாக ஏறி அவன் உள்ளங்கைகளில் வந்து முடிந்தது.

சக்கரம் விட்டது.

"மாமா?"

வரப்பில் யாரும் இல்லை. அவன் இறங்கினான். குனிந்தான். அடியில் சாக்கு விரித்திருந்தது. மாமனார் முதுகின் அச்சு அதில் அப்படியே அமுங்கியிருந்தது. அதன் மேல் ஸ்பானர், அவர் வைத்துவிட்டுப் போன இடத்தில். வேறு எதுவும் இல்லை. ஆக்சில் கறுப்பாக, கனமாக, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை நீண்டிருந்தது. கைநீட்டி இடது பிரேக் டிரம்மைத் தொட்டான். கையை இழுத்துக்கொண்டான். விரல் நுனிகள் வெந்துவிட்டன.

காலையிலிருந்து அந்தச் சக்கரம் ஜாக்கியில் நின்றது. ஒரு சுற்றுகூட ஓடவில்லை.

வெயிலில் வந்து நின்றான். ஓடிப் போய்ச் சோளக்காட்டைத் தாண்டினால் வீடு, அங்கே அத்தை சௌந்திரம் இருப்பாள், தட்டில் சோறு இருக்கும், யாராவது எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள். அவன் போகவில்லை. இரண்டாவது தட்டு முதல் தட்டைவிடக் கொஞ்சம் மெதுவாக விழுந்ததா என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

ஊரடங்குக் காலத்தில் ஷெட்டுக்கு ஆள் வரவில்லை. அப்போது கல்யாணமாகிச் சில மாதம்தான். அவன் மேலே மிதிக்க, அவனுடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மைதிலி அடியில் படுத்துத் தட்டுவாள். அவள் இரண்டு தட்டில் முதலாவது அழுத்தமாக விழும், இரண்டாவது மெதுவாக, போதும் என்பது போல. அவன் காலை எடுக்கத் தாமதித்தால் கீழிருந்து குரல் வரும்: "ஏனுங்க இன்ஜினியரு, தூங்கிப் போட்டீங்களா?" வேலை முடிந்தால் மூன்று தட்டுவாள். மூன்றாவது ஓய்வதற்குள் இடது பக்கக் கதவு திறக்கும். ஏறி உட்கார்ந்து கையிலிருக்கும் கிரீஸை அவன் சட்டையில் துடைப்பாள்.

அந்த லாரி அகப்படவே இல்லை. அகப்படாத லாரிகளைப் பிரித்து விற்பார்கள். டயர் ஒரு பக்கம் போகும், என்ஜின் ஒரு பக்கம் போகும், ஆக்சில் ஒரு பக்கம் போகும்.

அவன் திரும்பக் கேபினில் ஏறினான்.

மிதித்தான். எடுத்தான். காத்திருந்தான். கருகல் வாடை கனத்தது. வரக் கூடாது என்று நினைத்தான். வராவிட்டால் என்ன செய்வது என்றும் நினைத்தான்.

டங். டங்.

இரண்டாவது மெதுவாகத்தான் விழுந்தது என்று முடிவு செய்துகொண்டான்.

"மைதிலி," என்றான். கார்த்திகைக்குப் பிறகு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. காலடித் தகடு செருப்பையும் தாண்டிச் சுட்டது. பயம் போய்விடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் இறங்குகிறவனைப் போல அதற்குள் மெல்ல மெல்ல உட்கார்ந்துகொண்டான். மிதித்தான், எடுத்தான். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் அது இரண்டு தட்டியது. மூன்று தட்டவில்லை. இன்னும் வெளியே வரவில்லை.

கேரியரோடு வந்த வெள்ளியங்கிரி கேபினை அண்ணாந்து பார்த்தார். "என்னுங்க மாப்ள, மூஞ்சி ஒரு மாதர இருக்குது?"

"ஒண்ணுமில்லைங்க மாமா."

"மொதல்ல எறங்கிச் சோத்தத் தின்னுங்க. கத்திரிக்காப் புளிக்கொழம்பு. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தா. எனக்கு அடிச்சட்டி."

இளவழகன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். கிழவர் சக்கரத்தருகே குந்தி டிரம்மைத் தொட்டார். கையை உதறினார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எறக்கி ஓட்டுனீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படிச் சுடுது?"

"வெயிலுங்க மாமா."

"நெழல்ல இருக்கறதுக்கு ஏதுங்க வெயிலு." அவர் எழுந்து கையைத் துணியில் துடைத்தார், துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "வாங்கறப்பக் கேட்டீங்கல்ல?"

"கேட்டேங்க மாமா."

"என்ன சொன்னான்?"

"ஆள் மேல ஏறலைன்னு சொன்னாரு."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது. ஆமாம் என்றோ, கேட்கவில்லை என்றோ சொன்னால் இந்த ஆக்சில் பொழுது சாய்வதற்குள் வண்டியை விட்டு இறங்கிவிடும். அவர் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டார். அதற்கப்புறம் யார் தட்டுவார்கள்?

வெள்ளியங்கிரி அவன் கண்ணைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் செரி சாமி."

அந்தச் சொல்லால் மகளைத்தான் கூப்பிடுவார். அவள் போன பிறகு அதை அவர் யாரிடமும் சொல்லி இளவழகன் கேட்டதில்லை. கேரியரை மூடி வைத்துவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் போய் மோகன்குமாருக்குப் போன் போட்டான்.

"அந்த ஆக்சில், ஆள் மேல ஏறுனதுங்களா?"

அந்தப் பக்கம் கட்டிங் மெஷின் சத்தம். பிறகு மோகன்குமார் அதை விட்டுத் தள்ளி நடக்கும் சத்தம். "இப்பக் கேக்கறீங்களே. மாட்டறதுக்கு முன்னாடி கேக்கோணுமுங்க அது."

"மாட்டியாச்சு. பொண்ணுங்களா? ஸ்கூட்டியில வந்த பொண்ணா?"

"வண்டியக் கொண்டாந்து போட்டவன்கிட்டச் செரியா விசாரிச்சுட்டுப் பொழுதோட கூப்படறேனுங்க. அரைகொறையாச் சொல்லக் கூடாது இதெல்லாம்."

இல்லை என்று அவன் சொல்லவில்லை. இளவழகனுக்கு அது போதுமாக இருந்தது.

பொழுது இறங்கியது. காற்று நின்றது. தகரம் ஓய்ந்ததும் அதுவரை கேட்காதவை கேட்டன: உத்திரத்தில் பல்லி, எண்ணெய் சொட்டுவது, டிரம் ஆறும்போது எழும் மெல்லிய டிக், டிக். ஆனால் அது ஆறவில்லை. வெள்ளியங்கிரி அன்று அதற்கு மேல் வேடிக்கை எதுவும் பேசவில்லை. ஜாக்கியை இறக்கிச் சக்கரத்தைத் தரையில் வைத்தார்.

"பாரத்தோட ஒருக்காப் பாத்துருவோம். இதுக்கும் அடங்கலைன்னா வெடிஞ்சதும் கழட்டிக் காட்டுல வீசிருவேன். இது நமக்கு வேண்டாமுங்க மாப்ள. எனக்கு மனசுக்குப் புடிக்கல."

"செரிங்க மாமா."

அப்படியானால் இதுதான் கடைசி.

அவர் சாக்கை எடுத்து இடது சக்கரத்துக்கு முன்னால் விரித்தார். பம்பருக்கு அடியில் தலையை விட்டு, ஆக்சில்வரை ஊர்ந்து போய் மல்லாந்து படுத்தார். கால்கள் டயருக்கு முன்னால் நீண்டு கிடந்தன. அப்படிப் படுக்கிறவர்களை ஷெட்டைவிட்டே விரட்டியவர் அவர். ஆனால் பாரம் ஏறிய சக்கரத்தில் பிரேக் விடுகிறதா என்று அங்கிருந்துதான் தெளிவாகத் தெரியும். மேலே உட்கார்ந்திருப்பதும் மாப்பிள்ளை.

இளவழகன் ஏறினான். என்ஜினைப் போட்டான். வலது பக்க இருக்கையிலிருந்து அந்த மூலை தெரியாது. இடது கண்ணாடியில்தான் தெரியும். அதில் இருட்டத் தொடங்கிய தரையும் சாக்கின் ஒரு முனையும் இரண்டு பாதங்களும் இருந்தன.

டங்.

மிதித்தான்.

டங். டங்.

எடுத்தான். காலடியில் அதிர்வு இல்லை. பிறகு வந்தது.

டங்.

மிதித்தான்.

டங். டங்.

எது அவர், எது அவள்? காதைக் கூர்மையாக்கினான். என்ஜின் இரைந்தது. வாயில் இரும்பின் ருசி. கண்ணாடியில் பாதங்கள் மங்கின. மூன்று தட்டு, என்றான் உதட்டுக்குள். ஒரே ஒரு தடவை. வெளியே வா.

டேஷ்போர்டில் போன் ஒளிர்ந்தது. மோகன்குமார். விரலால் தொட்டான், குரல் கேபினுக்குள் பெரிதாக விழுந்தது. "கேட்டுட்டேனுங்க. நீங்க சொன்னது இல்லீங்க இது..."

டங். டங். டங்.

மூன்று.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இடது பக்கக் கதவைப் பார்த்தான். அது திறக்கும். இப்போது திறக்கும். கண் அங்கேயே இருக்க, கை தன் வேலையைச் செய்தது. முதல் கியர். ஹேண்ட் பிரேக். கால் கிளட்சை விட்டது. வண்டி மெல்ல நகர்ந்தது.

இடது பக்கம் ஏறியது. சிறிய ஏற்றம். மண்மேடு போல.

மண் அல்ல.

மிதித்தான். வண்டி நின்றது. இடது பக்கம் இறங்கவில்லை. உயர்ந்தபடியே நின்றது.

"ரோட்டுல நடந்ததில்லீங்க இது," என்றது போன். "ஹலோ? பொண்ணெல்லாம் இல்லீங்க. ஒரு மெக்கானிக்கு. அடியில படுத்து இதே பிரேக்கப் பாத்துக்கிட்டு இருந்திருக்கறான். மேல டிரைவரு. மூணு தட்டுக் கேட்டுச்சு, அதான் எடுத்தேன்னு அந்தாளு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டு இருக்கறானாம். பக்கத்துல நின்னவங்களுக்கு ரெண்டுதான் கேட்டுச்சாம். ஹலோ, இருக்கறீங்களா?"

டங். டங்.

கீழிருந்து. முதலாவது அழுத்தமாக. இரண்டாவது மெதுவாக.

மைதிலியின் தட்டு.

அவளுக்குத் தட்டக் கற்றுக்கொடுத்தது அவள் அப்பா.

இளவழகன் காலைத் தூக்கினான். காற்று சீறியது. வலது பக்கம் விட்டது. இடது பக்கம் விடவில்லை. குனிந்து பார்த்தான். பிரேக் மிதி மேலே வரவில்லை. அடிவரை அமுங்கிக் கிடந்தது. அவன் கால் அதன் மேல் இல்லை.

டங். டங்.

விடு.

கையால் மிதியைப் பிடித்து இழுத்தான். சுட்டது. வரவில்லை. ரிவர்ஸ் போட்டான். பின் சக்கரங்கள் இழுத்தன. இடது முன் சக்கரம் உருளவில்லை. அப்படியே தேய்ந்து பின்னால் நகர்ந்தது. அதற்கு அடியில் இருந்ததும் கூடவே நகர்ந்தது. கீழே ஒரு குரல் எழுந்தது. அது பேச்சாக இல்லை. நிறுத்தினான்.

டங். டங்.

"மாமா. விட மாட்டேங்குதுங்க மாமா."

டங்.

இரண்டாவதற்குக் கை எழவில்லை போலிருக்கிறது. ஒன்று மட்டும் விழுந்தது. ஒரு தட்டு என்றால் மிதி. சக்கரம் இன்னும் இறுகும் ஓசை, ஈரத் துணியைப் பிழிவது போல, தகட்டின் வழியாக அவன் காலுக்கு வந்தது.

"ஒரு சேவலு மட்டும் அறுத்துருங்க," என்றது போன். "அறுத்துட்டா ஒண்ணும் பண்ணாது."

அவன் வலது கதவைத் தள்ளித் திறந்தான். ஒரு காலை வெளியே வைத்தான்.

கீழே சத்தமில்லை. என்ஜின் தானாக அணைந்தது. கோழிகள் பேசவில்லை. காற்று இல்லை.

டங்.

டங்.

டங்.

மூன்றும் ஒரே கனம். நிதானமாக. வேலை முடிந்த கை.

இடது பக்கம் வண்டி கொஞ்சம் தாழ்ந்தது, படியில் யாரோ கால் வைத்து ஏறுவது போல. கண்ணாடியில் சாக்கு இருந்தது. சாக்கின் மேல் பாதங்கள் இருந்தன, அசையாமல். அவற்றுக்கு மேலே, இடது பக்கக் கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.